கலைஞர்களுக்கான ரெசிடென்சி: விண்ணப்பிக்கும் முன் எழும் கேள்விகள்

ஓவியம், சிற்பம், வீடியோ, நடனம், நாடகம் என எதில் இருந்தாலும் சரி, படிப்பு முடிந்த கொஞ்ச காலத்திலேயே "ரெசிடென்சிக்கு அப்ளை பண்ணினாயா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரி முடித்து வருபவர்களும், நாடகக் குழுக்களில் இருப்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ரெசிடென்சி என்றால் என்ன?

ஒரு கலைஞரை அவருடைய அன்றாட வேலைகளிலிருந்து சில வாரங்களோ மாதங்களோ விடுவித்து, தங்க ஓர் அறையும் வேலை செய்ய ஓர் இடமும் கொடுத்து, முடிந்தால் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து, "உன் வேலையைப் பார்" என்று விட்டுவிடுகிற ஏற்பாடு.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் மக்டவல் என்ற ரெசிடென்சி, 1907இல் ஓர் இசையமைப்பாளரும் அவர் மனைவியும் தங்கள் பண்ணையில் தொடங்கியது. காட்டுக்குள் ஆளுக்கொரு ஸ்டுடியோ. மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வேலையில் இருப்பவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அங்கே வழக்கம். கடைசியில் ஒரு படைப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. நல்ல ரெசிடென்சி எதுவாக இருந்தாலும் அதன் அடிப்படை இந்தக் கூடைச் சாப்பாட்டில் இருக்கிறது: நேரத்தைக் கலைஞரிடமே விட்டுவிடுவது.

இது எவ்வளவு பழைய வழக்கம்?

பிரான்ஸ் அரசு 1666இல் ரோமில் ஓர் அகாடமியைத் தொடங்கி இளம் ஓவியர்களையும் சிற்பிகளையும் அங்கே அனுப்பியது. 1803 முதல் அது வில்லா மெடிசி மாளிகையில் நடக்கிறது. அந்தக் காலத்தில் பழைய ரோமானியச் சிற்பங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பதே முக்கிய வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மக்டவலும், யாடோ என்ற இன்னொரு ரெசிடென்சியும் வந்தன. 1960களில் பெர்லின், வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைத்து ஓராண்டு தங்கவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1990களுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பெருகிவிட்டன.

நம் பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கலைஞர்களே சேர்ந்து நிலம் வாங்கினார்கள். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற பணம்தான் அதற்கு உதவியது. ஓவியம் விற்றால்தான் சோறு என்ற நிலை இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அது நிரந்தரமாகக் குடியேறி வாழ்ந்த இடம் என்பதால் இன்றைய பொருளில் ரெசிடென்சி ஆகாது. ஆனாலும் கலைஞருக்கு நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இந்த மண்ணில் கிடைத்த மிகத் துணிச்சலான பதில் அது.

இந்தியாவில் இன்றுள்ள ரெசிடென்சிகள் எப்படி உருவாயின?

இதற்கு டெல்லியில் இருக்கும் கோஜ் என்ற கலைஞர் அமைப்பின் கதையைச் சொல்ல வேண்டும். 1982இல் சிற்பி ஆந்தனி காரோவும் ராபர்ட் லோடரும் நியூயார்க் மாநிலத்தில் டிரையாங்கிள் என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். பல நாட்டுக் கலைஞர்கள் இரண்டு வாரம் ஒரே இடத்தில் தங்குவார்கள், பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்வார்கள், கடைசி நாள் ஊருக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். இந்த முறை ஆப்பிரிக்காவுக்கும் பிறகு தெற்காசியாவுக்கும் பரவியது. 1997இல் டெல்லியைச் சேர்ந்த சில கலைஞர்கள் உத்தரப் பிரதேசத்தின் மோதிநகரில் முதல் கோஜ் பட்டறையை நடத்தினார்கள். அப்போது அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் எதுவும் இல்லை. அமைப்பைப் பல ஆண்டுகளாக வழிநடத்தி வருபவர் பூஜா சூட்.

அந்த முதல் பட்டறையில் கலைஞர் சுபோத் குப்தா வறட்டிகளை அடுக்கி, உள்ளே ஆள் போய் நிற்கும்படி ஓர் அறை கட்டினார். அன்றைய டெல்லி கேலரிகள் சட்டம் போட்ட ஓவியத்தையும் பீடத்தில் வைக்கும் சிற்பத்தையும் விற்றுக்கொண்டிருந்தன. சாணியில் கட்டிய அறையை யார் வாங்குவார்கள்? வாங்குபவர் யாரும் தேவைப்படாத ஓரிடம் கிடைத்ததால்தான் அதைக் கட்ட முடிந்தது. இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தையே படைப்பாக மாற்றி அமைப்பது), வீடியோ, நிகழ்த்துகலை எல்லாம் இந்தியாவில் வேர்பிடித்ததில் இப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன். சந்தை பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

2002 வாக்கில் கோஜ் டெல்லியின் கிர்க்கி விரிவாக்கப் பகுதியில் ஒரு கட்டடத்தில் குடியேறியது. நெருக்கமான வீடுகள், சின்னச் சின்னப் பட்டறைகள், ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்து தங்கியவர்கள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய மால்கள். அங்கே தங்கிய கலைஞர்கள் பலர் தெருவோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளியே வந்தவர்களுக்கென்று 'பியர்ஸ்' என்ற நான்கு வார ரெசிடென்சியும் கோஜில் உண்டு. கலை பற்றி எழுத விரும்பும் ஒருவரும் அவர்களோடு கூடவே இருப்பார். முதல் முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்த மாதிரியானதைத்தான் சொல்வேன். ஒரே வயதுக்காரர்கள், குறுகிய காலம், பயமில்லாமல் தவறு செய்யலாம்.

நடனம், நாடகம், நிகழ்த்துகலை செய்கிறவர்களுக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. ஓவியருக்கு ஓர் அறையும் நல்ல வெளிச்சமும் போதும். நடனக்காரருக்குத் தரை வேண்டும். சிமென்ட் தரையில் தினம் ஆறு மணி நேரம் குதித்தால் முழங்கால் போய்விடும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்ட, மிதித்தால் லேசாக இசைந்து கொடுக்கும் மரத்தரை இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். கூரை எவ்வளவு உயரம், ராத்திரி சத்தம் போடலாமா, தனியாக ஒத்திகை பார்க்க எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்கப் போவதில்லை. பதில் சொல்லத் தெரியாத இடம் நிகழ்த்துகலைக்காக யோசித்த இடமாக இருக்காது.

தமிழ்நாட்டு எல்லையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கிய ஆதிசக்தி, 1990களில் புதுச்சேரிக்கு வந்து ஆரோவில் அருகே நிலைகொண்டது. கேரளத்தின் பழைய நாடக வடிவமான கூடியாட்டத்தின் மூச்சு முறை, களரி, தாளம் ஆகியவற்றிலிருந்து நடிகருக்கான பயிற்சியை அவர் வகுத்தார். 2014இல் அவர் மறைந்த பிறகும் குழு தொடர்ந்து இயங்குகிறது. மரங்களுக்கு நடுவே அரங்கு, தங்கும் விடுதிகள், வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பயிற்சிகள் என்று அந்த வளாகமே ஒத்திகைக்காக உருவானது. நடிகர்கள் ஒரு முறையாவது போய் வர வேண்டும்.

கண்காட்சி உலகத்தோடு ஒட்டிய நிகழ்த்துகலை என்றால் நிகில் சோப்ராவின் பாதையைப் பாருங்கள். 2007இல் கோஜ் நடத்திய காஷ்மீர் பட்டறையின்போது, யோக் ராஜ் சித்ரகார் என்ற கற்பனை ஓவியராக வேடமிட்டு ஸ்ரீநகரின் லால் சௌக்கில் உட்கார்ந்து தரையில் வரைந்தார். 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்பது நாள் தொடர்ந்து வரைந்தபடியே வாழ்ந்தார். இதற்கிடையே 2014இல் நண்பர்களோடு சேர்ந்து கோவாவில் எச்.எச். ஆர்ட் ஸ்பேசஸ் என்ற இடத்தைத் தொடங்கினார். நிகழ்த்துகலையை மையமாக வைத்து ரெசிடென்சி நடத்தும் இடம் அது. பெற்றதைத் திருப்பித் தருகிறவர்களை இந்த உலகத்தில் நிறையப் பார்க்கலாம்.

செலவு யாருடையது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முதலில் கேட்க வேண்டியது. அறிவிப்பில் "ரெசிடென்சி" என்று ஒரே பெயர் இருந்தாலும், ஒன்று எல்லாச் செலவையும் ஏற்று மாதப் பணமும் தரும், இன்னொன்று அறையை மட்டும் தரும், மூன்றாவது உங்களிடமே வாடகை வாங்கும்.

பயணம், விசாக் கட்டணம், காப்பீடு, தங்குமிடம், சாப்பாடு, பொருள்கள், உங்கள் ஊதியம். இந்த ஏழு விஷயங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே யார் தருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் ஒன்று விட்டுப்போயிருந்தால் அது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஊதியத்தை நம் ஆட்கள் கேட்கவே கூசுகிறார்கள். கூசத் தேவையில்லை. ஒரு மாதம் நீங்கள் அங்கே இருந்தால் இங்கே வீட்டு வாடகை நிற்காது, டியூஷன் வருமானம் நின்றுவிடும்.

முழுச் செலவையும் ஏற்கிறவை இருக்கின்றன. மக்டவலில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்அகாடமி இரண்டாண்டுக் காலத்துக்கு ஸ்டுடியோவும் உதவித்தொகையும் தருகிறது. சுவிட்சர்லாந்தின் கலை மன்றமான ப்ரோ ஹெல்வேஷியா 2007 முதல் டெல்லியில் அலுவலகம் வைத்துத் தெற்காசியக் கலைஞர்களை மூன்று மாதம் வரை சுவிட்சர்லாந்துக்கு அனுப்புகிறது. அறை மட்டும் தரும் இடத்தில் தேர்வானால் மீதிக்கு வேறு கதவைத் தட்டலாம். பிரிட்டன் போகிறவர்களுக்கு சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், இளம் கலைஞர்களுக்கு இன்லாக்ஸ் அறக்கட்டளை, இந்தியாவுக்குள் செய்யும் திட்டங்களுக்கு பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் ஆகியவற்றின் விதிகளைப் படித்துப் பாருங்கள்.

பணம் கேட்கிற ரெசிடென்சிக்குப் போகலாமா?

விண்ணப்பத்துக்குச் சிறு தொகை கேட்பது வெளிநாட்டில் சகஜம். நீங்கள் விண்ணப்பிக்காமலே "தேர்வாகிவிட்டீர்கள்" என்று மின்னஞ்சல் வந்து, ஒரு வாரத்துக்குள் பங்கேற்புக் கட்டணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவில், நேர்மையாக நடத்தப்பட்டு ஆனால் செலவை ஈடுகட்ட வாடகை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. முன்பு போய் வந்தவர்கள் இரண்டு பேரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். கடனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை ஓடாது.

அறிவிப்புகளை எங்கே பார்ப்பது?

ரெஸ் ஆர்ட்டிஸ், டிரான்ஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ், ஆன் தி மூவ் ஆகிய மூன்று தளங்களும் உலக அளவில் நம்பகமானவை. இந்தியாவுக்குள் கோஜ், கொச்சி பினாலே அறக்கட்டளை, கோத்தே இன்ஸ்டிட்யூட் ஆகியவற்றின் பக்கங்களைத் தொடருங்கள். 2024இல் கர்நாடகத்தில் திறக்கப்பட்ட ஹம்பி ஆர்ட் லேப்ஸ் புதியது, பட்டறை வசதிகள் உள்ளது. சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி ஸ்டுடியோக்களில் குறைந்த வாடகைக்கு வேலை செய்யலாம். தங்க இடம் இல்லாவிட்டாலும் வேலைக்கு இடம் கிடைக்கிறது.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்க வேண்டும்?

போர்ட்ஃபோலியோ என்பது உங்கள் படைப்புகளின் தொகுப்பு. பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து படங்கள் கேட்பார்கள். கேட்ட எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு. கடந்த மூன்று வருட வேலைகள் முன்னால் வரட்டும். கல்லூரியில் வரைந்த மாடல் ஸ்டடிகளை எடுத்துவிடுங்கள். படம் நிழல் விழாமல், கோணாமல் இருக்க வேண்டும். மேகமூட்டமான நாளில் மொட்டைமாடியில் வைத்து எடுத்தாலே போதுமானது.

நிகழ்த்துகலைக்கு வீடியோ இணைப்பு. வெட்டி ஒட்டி இசை சேர்த்த டிரெய்லரை விட, ஒரே ஷாட்டில் எடுத்த நான்கைந்து நிமிடம் மேல். தேர்வு செய்பவர்கள் உங்கள் உடல் மேடையில் எப்படி நேரத்தைத் தாங்குகிறது என்று பார்க்க விரும்புகிறார்கள். எடிட்டிங் அதை மறைத்துவிடும். முழு நிகழ்ச்சியின் இணைப்பையும் கீழே கொடுத்துவிடுங்கள்.

திட்டக் குறிப்பில் என்ன எழுதுவது?

நீங்கள் இப்போது எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்களோ அதை எழுதுங்கள். "நினைவு, அடையாளம், இடப்பெயர்வு ஆகியவற்றை ஆராய்கிறேன்" என்று எழுதுகிறவர்கள் ஏராளம், படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. "எங்கள் ஊர் உப்பளத்தில் வேலை செய்பவர்களின் கால் பாதங்களை அச்செடுத்து வருகிறேன், பெரிய அளவில் செய்ய எனக்கு அச்சு இயந்திரம் வேண்டும், உங்களிடம் அது இருக்கிறது" என்று ஒருவர் எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதில் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது, ஏன் அந்த ரெசிடென்சி என்பதற்குக் காரணமும் இருக்கிறது.

அங்கே போய் முடிக்கப்போவதை வாரக் கணக்கில் வாக்குக் கொடுக்காதீர்கள். போன பிறகு மாறும் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆங்கிலம் சரியாக வராது. விண்ணப்பிக்கலாமா?

கட்டாயம் விண்ணப்பியுங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். நினைப்பது தெளிவாக வந்த பிறகு நல்ல ஆங்கிலம் தெரிந்த நண்பரிடம் கொடுத்து, அலங்காரம் சேர்க்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். நேர்காணலில் மெதுவாகப் பேசுங்கள், கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். சொல்லாமல் பந்தா செய்து, போன இடத்தில் திணறுவதை விட, உங்கள் ஆங்கிலம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்வது நல்லது.

பட்டம் இல்லாதவர்கள், கூத்துக் கலைஞர்கள் விண்ணப்பிக்கலாமா?

விதிப்படி பல இடங்களில் பட்டம் தேவையில்லை. நடைமுறையில் படிவமே கல்லூரி படித்தவரை மனதில் வைத்துத்தான் தயாராகிறது. கலைஞர் அறிக்கை, தனிக் கண்காட்சிகளின் பட்டியல், இணையதள முகவரி என்று கேட்டால், ராத்திரி முழுக்க ஆடும் ஒரு கட்டைக்கூத்துக் கலைஞர் எதை நிரப்புவார்? இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் பி. ராஜகோபால் முன்னின்று உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம், கூத்தைச் சமகாலக் கலையாகவே நடத்திக் காட்டியிருக்கிறது. "மரபு" என்ற பெட்டியில் போட்டு மூடாமல், இவர்களுக்கும் யோசிக்கச் சம்பளத்தோடு ஒரு மாதம் கொடுக்கிற திட்டங்கள் வர வேண்டும். அதுவரை, குரல் பதிவாகவோ வீடியோவாகவோ விண்ணப்பம் ஏற்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். சில இடங்கள் சம்மதிக்கும். கேட்டால்தான் அடுத்த வருடப் படிவம் மாறும்.

விசா?

அழைப்புக் கடிதத்தில் தேதி, முகவரி, எந்தெந்தச் செலவை அவர்கள் ஏற்கிறார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள் வரைதான் இருக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். அதைவிட நீண்ட ரெசிடென்சிக்கு வேறு வகை விசா. எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அழைக்கிற அமைப்பையே கேளுங்கள்.

குழந்தையோடு போகலாமா?

பல இடங்களில் அனுமதி இல்லை. இதனால் பெண் கலைஞர்கள்தான் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தோடு தங்கவிடும் இடங்களைத் தேடுங்கள், அல்லது இரண்டு வாரப் பட்டறைகளில் தொடங்குங்கள்.

போன இடத்தில் வேலையே வரவில்லை என்றால்?

முதல் வாரம் பலருக்கும் அப்படித்தான். வீட்டில் கிடைக்காத நேரம் மொத்தமாகக் கையில் வந்ததும் திகைப்பாக இருக்கும். நடந்து ஊரைப் பாருங்கள், பக்கத்து ஸ்டுடியோவில் இருப்பவரோடு சமைத்துச் சாப்பிடுங்கள், சின்னதாக எதையாவது தினம் செய்யுங்கள். ஒரு மாதம்தான் என்றால் எண்ணெய் வண்ணத்தைத் தவிர்ப்பது உத்தமம், காய்வதற்குள் கிளம்ப வேண்டி வரும்.

கடைசியில் பார்வையாளர்களுக்கு ஸ்டுடியோவைத் திறந்து வேலையைக் காட்டும் ஓப்பன் ஸ்டுடியோவுக்காகப் பாதிக் காலத்தைச் செலவழிக்காதீர்கள். முடியாத வேலையை முடியாதபடியே காட்டலாம். அதைப் பார்த்து ஒருவர் கேட்கும் கேள்வி ஊருக்குத் திரும்பிய பிறகும் உதவும்.

அங்கே செய்த படைப்பு யாருக்குச் சொந்தம்?

உங்களுக்கு. சில இடங்கள் ஒன்றைத் தங்கள் சேகரிப்புக்குக் கேட்கும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். புகைப்படம், வீடியோப் பதிவை அவர்கள் எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதையும் பாருங்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு?

கொழும்பில் 2000இல் தொடங்கிய தீர்த்த கலைஞர் கூட்டமைப்பு முக்கியமானது. ஜகத் வீரசிங்க, அனோலி பெரேரா போன்றவர்கள் சேர்ந்து உருவாக்கியது. போர்க் காலத்திலேயே சர்வதேசப் பட்டறைகளை நடத்தியது. டெல்லியின் கோஜ், கராச்சியின் வாசல், டாக்காவின் பிரிட்டோ ஆகியவற்றோடு சேர்ந்து தெற்காசியாவுக்குள்ளேயே கலைஞர்களைப் பரிமாறிக்கொண்டது. ஐரோப்பாவுக்குப் போவதை மட்டுமே பெரிதாக நினைக்கிறோம். பக்கத்து நாட்டுக் கலைஞரோடு ஒரு மாதம் இருந்தால் பேச நிறைய இருக்கும்.

எங்கள் ஊரில் நாங்களே ஒன்று நடத்த முடியுமா?

முடியும். கோஜ் கட்டடம் இல்லாமல்தான் தொடங்கியது. பெங்களூரில் சுரேஷ் ஜெயராம் தன் வீட்டையே 1சாந்திரோடு என்ற பெயரில் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார். 2003 முதல் அங்கே வந்து தங்கி வேலை செய்தவர்கள் பல நாட்டினர்.

கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தைப் பத்து நாளுக்குக் கேளுங்கள். முதல் முறை நான்கைந்து பேருக்கு மேல் அழைக்க வேண்டாம், அதில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும். கழிவறை, குடிநீர், பெண்கள் தங்கும் அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இந்த மூன்றையும் அழைப்பு அனுப்பும் முன் நேரில் போய்ப் பாருங்கள். சமையலுக்கு ஆள் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வேலை யாராவது ஒரு பெண் கலைஞர் மேல் விழும். புகார் சொல்ல ஒருவர் பெயரையும் எண்ணையும் முதல் நாளே எல்லோருக்கும் கொடுங்கள். பட்ஜெட் போடும்போது கலைஞர்களுக்கான தொகையை முதலில் எழுதிவிட்டு, மிச்சத்தில் பேனரையும் பந்தலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.